காதுக்குப் பூட்டா? போலீஸ் ஒயர்லெஸும் பொது ஜனங்களும்

திருவக்கரையில் பௌர்ணமி தோறும் கூடுகிற கூட்டத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து ஜனங்கள் பஸ் ஏறி வந்து, வக்கிரகாளியம்மன் கோயிலில் இரவில் காட்டும் ஜோதியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதனால் அவர்களுக்கு வந்த லாபமென்ன, நஷ்டமென்ன என்பதை வேறொரு சமயம் பேசிக் கொள்ளலாம். இன்று நாம் எழுத வந்தது, அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்கும் போலீஸ்காரரின் கையிலிருக்கும் சிறு பெட்டியைப் பற்றியேயாகும். அதற்கு ஒயர்லெஸ் என்று பெயர். போலீஸ்காரர்கள் தங்களுக்குள் ‘மைக்’ என்று சொல்லிக் கொள்வார்கள்.

அந்தப் பக்கத்துக் கிராமத்துத் தோழர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்தார். திண்டிவனத்தில் எலெக்ட்ரிக் வேலை செய்து பிழைப்பவர். சில ஆயிரம் ரூபாய் சேர்த்து, கம்ப்யூட்டரில் செருகக்கூடிய கட்டை விரல் அளவு ரேடியோ ஒன்று வாங்கி, மூங்கில் கழியில் கம்பி கட்டி, வானத்தில் போகும் அலைகளைக் கேட்டு வந்திருக்கிறார். 2024 நவம்பரில் பெஞ்சல் புயல் வந்தபோது, வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தைத் தாமே பிடித்துத் தெருவாருக்குக் காட்டினாராம். இதைக் கேள்விப்பட்ட ஒரு போலீஸ் சிப்பந்தி, “எங்கள் மைக்கையும் இதில் கேட்கிறாயா? உள்ளே தள்ளிவிடுவேன், தெரியுமா?” என்று மிரட்டியிருக்கிறார். அன்று முதல் அந்தப் பெட்டி பரண்மேல் கிடக்கின்றது. தோழர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஐயா, பேசுவது குற்றமாக இருக்கலாம், எழுதுவது குற்றமாக இருக்கலாம், காதால் கேட்பது கூடவா குற்றம்?”

கேள்வி நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமையென்று கருதுகின்றோம்.

பூட்டு இரண்டு

முதலில் விஷயம் இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். பழைய போலீஸ் ஒயர்லெஸ் நம் வீட்டு ரேடியோவைப் போன்றதே. அலைவரிசையை அறிந்து திருப்பினால், பேசுவது யார் காதிலும் விழும். இப்படிக் கேட்பதற்கென்றே செய்த ரேடியோவுக்கு ‘ஸ்கேனர்’ என்று பெயர். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் இதைப் பொழுதுபோக்காகவும், பொதுக் கடமையாகவும் பல பத்து வருஷங்களாகச் செய்து வந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தீப்பிடித்தால் ஸ்கேனர்காரனுக்கு உடனே தெரியும். போலீசார் ஒருவனைத் துரத்தினால் பத்திரிகைக்காரனுக்கும் அந்த நிமிஷமே தெரியும்.

பிறகு டிஜிட்டல் ஒயர்லெஸ் வந்தது. பேச்சை எண்களாக மாற்றி அனுப்புகிறார்கள். அதோடு நின்றிருந்தால், எண்ணைத் திரும்பப் பேச்சாக்கும் முறையறிந்தவன் கேட்டுக் கொள்ளலாம். ஆனால் அந்த எண்களையும் ஒரு இரகசியச் சாவியோடு கலந்து குழப்பி அனுப்புகிறார்கள். இதற்கு ‘என்கிரிப்ஷன்’ என்று பெயர். சாவி இல்லாதவனுக்கு இரைச்சல் மாத்திரமே கேட்கும். அமெரிக்காவில் டென்வர் 2019இலும், சிகாகோ 2022இலும், நியூயார்க் 2023இலும் இந்தப் பூட்டைப் போட ஆரம்பித்தன. இங்கிலாந்தில் அதற்கு முன்னமே போட்டாய்விட்டது.

நம் நாட்டிலோ யந்திரப் பூட்டு வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே சட்டப் பூட்டுப் போட்டாய்விட்டது. வெள்ளைக்காரச் சர்க்கார் 1933இல் ஒயர்லெஸ் சட்டம் ஒன்றைச் செய்து, லைசென்சு இல்லாமல் ஒயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றமென்றார்கள். வெள்ளைக்காரன் 1947இல் கப்பலேறிவிட்டான். அவன் போட்ட பூட்டு ஏறவில்லை. பாட்டுக் கேட்கும் வீட்டு ரேடியோவுக்குக் கூட தபாலாபீசில் லைசென்சுப் பணம் கட்டிய காலத்தை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டமோ, ஒரு சேதியைச் சட்ட விரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 வருஷம் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கின்றது. 2 கோடி! திண்டிவனத்து எலெக்ட்ரிக் தொழிலாளி எத்தனை ஜென்மம் எடுத்து இந்தப் பணத்தைக் கட்டுவான் என்று கேட்கின்றோம். (ஜென்மம் என்பதில் நமக்கு நம்பிக்கையில்லை, கட்ட முடியாது என்பதற்காகச் சொன்னோம்.)

ஒருவழிக் காது

சரி, கேட்பது அவ்வளவு பெரிய பாவமென்றால், எல்லோருக்கும் பாவமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, தோழர்களே, இல்லை. இதே 2023ஆம் வருஷத்துச் சட்டத்தின் 20ஆவது பிரிவைப் பாருங்கள். பொது அவசரம், பொதுப் பாதுகாப்பு என்று சொல்லி, உங்கள் பேச்சையும் என் பேச்சையும் சர்க்கார் இடைமறித்துக் கேட்கலாம் என்று அதிகாரம் கொடுத்திருக்கின்றது. இந்த அதிகாரம் புதிதுமல்ல. டெலிபோனை ஒட்டுக் கேட்பதற்கு முறையும் வரம்பும் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996இல் சொல்ல வேண்டி வந்ததென்றால், அதுவரை எந்த லட்சணத்தில் கேட்டு வந்தார்கள் என்பதை யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே விஷயம் என்னவென்றால், அவர்கள் நம் பேச்சைக் கேட்கலாம், நாம் அவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது. நம்முடைய பேச்சு நம் சொந்தப் பேச்சு, நம் பணத்தில் பேசுவது. அவர்களுடைய பேச்சோ உத்தியோகப் பேச்சு, அதுவும் நம் வரிப்பணத்தில், நம் பேரால், நம்மைப் பற்றிப் பேசுவது. சொந்தப் பேச்சுக்குப் பூட்டில்லை. பொதுப் பேச்சுக்குப் பூட்டு! எஜமானன் வீட்டுக் கணக்கை எஜமானன் பார்க்கக் கூடாது, ஆனால் எஜமானன் பெட்டியை வேலைக்காரன் திறந்து பார்க்கலாம் என்றால், யார் எஜமானன், யார் வேலைக்காரன்?

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. வேதத்தை வேண்டுமென்று காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டுமென்று கௌதம தர்ம சூத்திரம் சொல்லுகின்றது. ஏன்? வேதம் கேட்டால் காது கெட்டுவிடுமா? கேட்டவன் “இதில் என்ன இருக்கின்றது?” என்று ஒரு கேள்வி கேட்பான், கேள்வி கேட்டால் கேட்கப்பட்டவன் பிழைப்புக் கெட்டுவிடும். அன்று ஈயம், இன்று 2 கோடி. அன்று அது தர்மத்தின் பேரால், இன்று இது பாதுகாப்பின் பேரால். இரண்டிலும் தண்டனை காதுக்குத்தான்.

ஆட்சேபணைகளும் சமாதானமும்

“போலீஸ் பேச்சு பகிரங்கமானால் திருடன் தப்பித்துக் கொள்வான்” என்பது முதல் ஆட்சேபணை. இதில் கொஞ்சம் வாஸ்தவம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவனைச் சுற்றி வளைக்கும் சமயத்தில், எந்தப் பக்கம் போகிறோம் என்பதை அவன் காதில் போட வேண்டுமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2008இல் பம்பாய்த் தாக்குதலின்போது, டெலிவிஷனைப் பார்த்தே வெளியிலிருந்து கொலைகாரர்களுக்கு யோசனை சொன்னார்கள். ஆகவே அப்படிப்பட்ட சமயத்துக்கு ஒரு தனி அலைவரிசையைப் பூட்டிக் கொள்ளட்டும்.

ஆனால் நம் ஜில்லாவில் நடந்ததைப் பாருங்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 10 பேருக்கு மேல் செத்தார்கள். ஜில்லா போலீஸ் சூப்பரிண்டெண்ட் முதல் பலர் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். மறுவருஷம் ஜூனில், ஒரு காலத்தில் நம் ஜில்லாவாக இருந்த கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கும் சஸ்பெண்டு. சாராயம் விற்றவன் ஸ்கேனர் வைத்தா பிழைத்தான்? ரெய்டு வருவதை முன்கூட்டி அறிவதற்கு அவனுக்கு ரேடியோ வேண்டியதில்லை. ஒரு சிநேகிதரின் செல்போன் நம்பர் போதும். ஒயர்லெஸ் ஊரார் காதில் விழுந்திருந்தால், “ரெய்டுக்குப் போகிறோம் என்றீர்களே, போனீர்களா?” என்று கேட்க ஒருவனாவது இருந்திருப்பான். பூட்டினால் திருடன் காது மூடாது, ஊரார் காதுதான் மூடும்.

“குடும்பப் பெண்களின் பேர், விலாசம், அந்தரங்கம் வெளியாகும்” என்பது இரண்டாவது ஆட்சேபணை. இது நியாயமான ஆட்சேபணை. கலிபோர்னியாவின் நீதி இலாகா 2020இல் இதே காரணத்தைச் சொல்லி, அந்தரங்கத் தகவலைப் பாதுகாக்க வேண்டுமென்று உத்தரவு போட்டது. அதைச் சாக்காகக் கொண்டு பாலோ ஆல்டோ என்னும் பட்டணத்துப் போலீசார் 2021 ஜனவரியில் எல்லாப் பேச்சையும் பூட்டிவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022இல் போலீசார் பூட்டைத் திறந்தார்கள். எப்படி? அந்தரங்கத் தகவலை மாத்திரம் வேறு வழியில் அனுப்பிக் கொண்டு, மற்றப் பேச்சைப் பகிரங்கமாக விட்டார்கள். ஆகவே இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பது ருஜுவாகிவிட்டது. மனமில்லாதவனுக்குத்தான் மார்க்கமில்லை.

சிதம்பர ரகசியம்

“பூட்டினால் பத்திரம்” என்கிறார்களே, அந்தப் பத்திரத்தின் யோக்கியதையையும் பார்ப்போம். பல தேசத்துப் போலீசார் உபயோகிக்கும் ‘டெட்ரா’ என்ற ஒயர்லெஸ் முறை 1990களில் ஐரோப்பாவில் உண்டானது. அதன் பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை யாருக்கும் காட்ட மாட்டோமென்று கால் நூற்றாண்டு காலம் திரைபோட்டு வைத்திருந்தார்கள். 2023இல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் ஒரு பெட்டியை வாங்கி, உள்ளே நோண்டிப் பார்த்து, திரையை விலக்கினார்கள். என்ன கண்டார்கள்? அதில் ஒருவகைப் பூட்டுக்கு 80 இலக்கச் சாவி என்று பேர். உள்ளே அது இரகசியமாக 32 இலக்கமாகக் குறைக்கப்பட்டிருந்தது. 32 இலக்கமென்றால் சுமார் 429 கோடிச் சாவிகள். மனிதனுக்கு இது பெரிது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இது சிறு வேலை. ஆகவே நெஞ்சில் கெட்ட எண்ணமும் கையில் பணமும் உள்ளவனுக்குப் பூட்டுத் திறந்தே இருந்தது. சாதாரண ஜனங்களுக்கு மாத்திரம் அது பூட்டு!

சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டினால் வெறும் வெளிதான். அதற்கு ரகசியம் என்று பேர். இதுவும் அப்படித்தான். நல்ல பூட்டென்றால் அதன் அமைப்பு ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கலாம், சாவி மாத்திரம் இரகசியமாயிருந்தால் போதும் என்று கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் 1883இலேயே சொல்லிவிட்டார். அமைப்பையே மறைக்கிறவன் நம்மை ஏமாற்றுகிறான், அல்லது தன்னையே ஏமாற்றிக் கொள்கிறான்.

நம் தமிழ்நாட்டிலும், போலீசுக்கு டிஜிட்டல் ஒயர்லெஸ் வாங்கும் டெண்டரைப் பற்றி 2018இல் உள்துறைச் செயலாளரே போலீஸ் தலைவரிடம் விளக்கம் கேட்டு எழுதினார்; பிறகு லஞ்ச ஒழிப்புப் போலீசார் சோதனை போட்டார்கள். குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. பூட்டு வாங்குகிற கணக்கே இப்படிச் சந்தேகத்துக்கு இடமாக இருக்கும்போது, பூட்டுக்குள்ளே என்ன நடக்குமென்று ஜனங்கள் சந்தேகப்படுவது தப்பா?

திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. அசுரனுடைய எலும்பு என்று கதை கட்டி வைத்திருந்தார்கள். அதைத் தட்டிப் பார்த்து, வெட்டிப் பார்த்து, இது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரம் என்று அறிவாளிகள் சொன்னார்கள். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காத்து வருகின்றது. “தொடாதே, பார்க்காதே, அம்மன் கோபிப்பாள்” என்றதை நம்பியிருந்தால் அது இன்றைக்கும் எலும்புதான்.

ஆபத்துக் காலத்தில் யார் காது?

கேட்கிற பழக்கமுள்ளவர்களால் நாட்டுக்குக் கேடு வந்ததா, நன்மை வந்ததா என்று சரித்திரத்தைப் பாருங்கள். சென்னையில் ரேடியோ என்பதையே கொண்டுவந்தது சர்க்கார் அல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து நடத்திய ரேடியோ கிளப்புத்தான். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானை அடித்தபோது, ‘ஹாம்’ என்னும் பொழுதுபோக்கு ஒயர்லெஸ்காரரான பாரதி பிரசாத் என்ற அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் அச்சமயம் போர்ட் பிளேரில் இருந்தார்கள். தீவுக்கும் வெளியுலகத்துக்கும் சேதி கொண்டு போனது அவர்களுடைய பெட்டி. 2016இல் மேற்கு வங்காள எல்லைப் பக்கம் நள்ளிரவில் கேட்ட சந்தேகமான சங்கேதப் பேச்சைச் சர்க்காருக்குச் சொன்னதும் ஹாம்காரர்களே. காது திறந்திருந்ததால் வந்த நன்மை இவை.

நிற்க. நம் ஜில்லாவுக்கே வருவோம். பெஞ்சல் புயலன்று பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதையடுத்து சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் இரவோடிரவாக வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் விடப்பட்டது. கரையோரக் கிராமங்கள் மூழ்கின. “ஐந்து தரம் எச்சரிக்கை கொடுத்தோம்” என்றது சர்க்கார். “எங்களுக்கு வந்து சேரவில்லை” என்றார்கள் ஜனங்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்! எச்சரிக்கை கச்சேரியிலிருந்து கச்சேரிக்குப் போயிருக்கும். கச்சேரியிலிருந்து குடிசைக்குப் போகாமல் இருந்திருக்கும். கரண்டு போய், செல்போன் கோபுரம் படுத்துவிட்ட இரவில், ஊருக்கு ஒரு தோழரிடம் ஒரு சிறு ரேடியோவும், வெள்ளச் சேதியை அதில் கேட்க உரிமையும் இருந்திருந்தால், பாட்டியையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக் கொண்டு மேட்டுக்குப் போக ஒரு மணி நேரமாவது கிடைத்திருக்காதா?

தூத்துக்குடியையும் மறந்துவிடாதீர்கள். 22-5-2018இலும் மறுநாளும் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போன ஜனங்கள் மேல் போலீசார் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். உடனே 3 ஜில்லாக்களில் ஜனங்களுடைய இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். போலீசார் வரம்பு மீறினார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்ன அறிக்கை சட்டசபைக்கு வந்தது 2022 அக்டோபரில். அன்று யார் யாருக்கு என்ன உத்தரவு போட்டார்கள் என்பது அன்றே ஊரார் காதில் விழுந்திருந்தால், அதை அறிய 4 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரார் காது திறந்திருக்கின்றது என்று தெரிந்தால், உத்தரவு போடுகிற வாயே கொஞ்சம் யோசித்திருக்கும்.

நாம் கேட்பது என்ன?

நாம் ஒன்றும் போலீஸ் இலாகாவை மூடச் சொல்லவில்லை. ஒயர்லெஸையும் உடைக்கச் சொல்லவில்லை. நாம் கேட்பது இவ்வளவுதான்:

வெள்ளம், தீ, விபத்து, போக்குவரத்து, திருவிழாக் கூட்டம் இவை பற்றிய போலீஸ் பேச்சும் மற்றச் சர்க்கார்ப் பேச்சும் யாரும் கேட்கும்படி பகிரங்கமாக இருக்க வேண்டும்.

உடனே கேட்பது ஆபத்தென்று கருதும் பேச்சை, சிகாகோவில் செய்ததுபோல் அரைமணி நேரம் தாமதித்தாவது வெளிவிட வேண்டும். அந்தரங்கத் தகவலை மாத்திரம் தனி வழியில் அனுப்பலாம்.

பூட்டிய பேச்செல்லாம் பதிவாகி, அழியாமல், வருஷக் கணக்கில் இருக்க வேண்டும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த வழக்கில், ஸ்டேஷன் கேமராப் படம் தினந்தினம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் கண்டார். அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஸ்டேஷன் கேமராப் படத்தையும் சப்தத்தையும் 18 மாதம் வரை வைத்திருக்க வேண்டுமென்றது. ஸ்டேஷனுக்குள் பேசுவதற்குள்ள விதி, மைக்கில் பேசுவதற்கு மாத்திரம் ஏன் கூடாது?

கடைசியாக, அனுப்பும் சக்தியில்லாத, கேட்க மாத்திரம் செய்யும் ரேடியோவை வைத்திருப்பது குற்றமல்ல என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். கேட்டதைக் கொண்டு தீமை செய்தால் அந்தத் தீமைக்குத் தண்டியுங்கள். காதுக்குத் தண்டனை வேண்டாம்.

தோழர்களே! இந்தச் சட்டம் மாறும்வரை, பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுத்துப் போலீஸ் மைக்கைக் கேளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு ஏழையை 2 கோடி அபராதத்துக்கு ஆளாக்கிவிட்டு நாம் பத்திரிகையாபீசில் உட்கார்ந்திருப்பது யோக்கியமல்ல. ஆனால் ஹாம் லைசென்சுக்கு சர்க்காரே பரீட்சை வைத்திருக்கின்றது. 12 வயதானவர்களும் எழுதலாம். ஊருக்கு இருவர், ஆணும் பெண்ணுமாக, அந்தப் பரீட்சை எழுதுங்கள். சட்டப்படி பேசவும் கேட்கவும் கற்றுக் கொண்டு, அடுத்த புயலுக்கு முன் ஊரின் காதாக இருங்கள். வருகிற தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “உங்கள் பேச்சை நாங்கள் எப்போதும் கேட்கிறோம், உங்கள் சர்க்கார் மைக்கை நாங்கள் எப்போது கேட்பது?” என்று ஒரு கேள்வி போடுங்கள்.

எவன் காதைப் பொத்திக் கொள் என்கிறானோ, அவன் வாயில்தான் சந்தேகம் கொள்ள வேண்டும்.